கிழக்கும் மேற்கும் ஒரே வகுப்பில்: ஒரு பாடம் பிறந்த கதை

இருபதாம் நூற்றாண்டு பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தபோது, திருத்தணியில் பிறந்த ஒரு பையன் சென்னை கிறித்தவக் கல்லூரியில் பி.ஏ. சேர்ந்தான். கல்லூரி அப்போது தாம்பரத்தில் இல்லை; பாரிமுனைப் பக்கம், உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்தது. என்ன பாடம் எடுப்பது என்பதில் அவனுக்குத் தீர்மானம் ஏதும் இல்லை. அப்பாவுக்கு ஜமீனில் சின்ன வருவாய் உத்தியோகம், பெரிய குடும்பம், புத்தகம் வாங்கும் அளவுக்கு வசதி கிடையாது. தத்துவம் படித்து முடித்திருந்த உறவுக்காரர் ஒருவர் தன் பாடப் புத்தகங்களைச் சும்மா கொடுத்தார். புத்தகம் கையில் இருந்த பாடத்தையே அவனும் எடுத்துக்கொண்டான்.

அந்தப் பையன்தான் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். ஒவ்வொரு செப்டம்பர் 5ஆம் தேதியும் பள்ளிக்கூடங்களில் மாலை போட்ட படமாக அவரைப் பார்க்கிறோம். குடியரசுத் தலைவர், நல்லாசிரியர், தலைப்பாகை கட்டியவர் என்பதோடு நம் அறிமுகம் நின்றுவிடுகிறது. அவர் பிறந்த ஊரில் வளர்ந்த எனக்கும் பல காலம் அவ்வளவுதான் தெரியும். முதுகலையில் ‘சீன சமூகமும் மேற்கத்திய சமூகமும்’ என்ற ஒப்பீட்டுத் தாளை எடுத்துப் படித்த பிறகுதான், இப்படி ஒரு பாடம் எங்கிருந்து வந்தது, இதை முதலில் யார் எதற்காகக் கேட்டார்கள் என்ற கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. தேடிப் போனால் ஒரு கிளை பெய்ஜிங்குக்குப் போகிறது, ஒரு கிளை ஜெர்மனிக்குப் போகிறது, இன்னொரு கிளை எங்கள் ஊர் மலையடிவாரத்துக்கு வந்து நிற்கிறது.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ராதாகிருஷ்ணன் 1888இல் பிறந்தபோது திருத்தணி வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதில் சேர்ந்தது. 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது ஆந்திரத்தோடு போனது. மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் நடத்திய வடக்கு எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, நடுவர் படாஸ்கரின் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. எல்லைக்கோடுதான் அதைத் தாண்டித் தாண்டிப் போனது. ஆடிக் கிருத்திகைக்கு வரும் காவடிகளில் பாதி தமிழ்ப் பாட்டோடு வரும், பாதி தெலுங்குப் பாட்டோடு வரும். ராதாகிருஷ்ணன் வீட்டிலும் தெலுங்குதான் பேசினார்கள். இங்கே வளரும் பிள்ளைக்கு, தன் வழக்கத்தைத் தவிர வேறொரு வழக்கமும் உலகத்தில் உண்டு என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எதிர்வீட்டிலேயே அது இருக்கும்.

பையனின் படிப்புதான் இன்னும் விசேஷம். தொடக்கப் படிப்பு திருத்தணியில். 1896இல் திருப்பதியில் ஒரு லுத்தரன் மிஷன் பள்ளி; நடத்தியவர்கள் ஹெர்மன்ஸ்பர்க் மிஷனைச் சேர்ந்த ஜெர்மானியர்கள். அடுத்து வேலூர் ஊரிஸ் கல்லூரி. அது அமெரிக்க ஆர்க்காடு மிஷனுடையது. அதற்கடுத்த சென்னை கிறித்தவக் கல்லூரி ஸ்காட்லாந்துக்காரர்களுடையது. ஜெர்மனி, அமெரிக்கா, ஸ்காட்லாந்து என்று மூன்று மேற்குகளை வட ஆர்க்காட்டையும் சென்னையையும் தாண்டாமலே அந்தப் பையன் பார்த்துவிட்டான். ‘மேற்கு’ என்று ஒற்றைச் சொல்லில் எழுதும் ஒவ்வொரு பாடநூலைத் திறக்கும்போதும் இந்த விவரம் எனக்கு ஞாபகம் வருகிறது.

மூன்று இடத்திலும் பொதுவாக இருந்தது ஒன்று. அவன் வீட்டுச் சமயம் குறையுள்ளது என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். சொன்னவர்கள் கெட்டவர்கள் அல்ல. படித்தவர்கள், அக்கறையோடு பாடம் நடத்தியவர்கள். அதனாலேயே அந்தச் சொல் ஆழமாகத் தைத்தது. குற்றச்சாட்டின் சாரம் இதுதான்: உலகமே மாயை என்று வேதாந்தம் சொல்கிறது, மாயையான உலகத்தில் நல்லது என்ன, கெட்டது என்ன? ஆகவே இந்து சிந்தனையில் அறவியலுக்கு இடம் இல்லை.

எம்.ஏ. பட்டத்துக்காக எழுதிய ஆய்வேட்டில் ராதாகிருஷ்ணன் பதில் சொன்னார். வேதாந்தத்தின் அறவியல்தான் பொருள். மாயை என்பதற்கு உலகம் இல்லவே இல்லை என்று அர்த்தம் இல்லை, உலகத்துக்குச் சார்புநிலை உண்மை உண்டு, அங்கே அறத்துக்கு முழு வேலை உண்டு என்பது வாதம். தத்துவப் பேராசிரியர் ஆல்ஃபிரட் ஜார்ஜ் ஹாக் ஒரு மிஷனரி. இதைப் படித்துவிட்டு வருத்தப்படுவாரோ என்று மாணவருக்குப் பயம். ஹாக் வருத்தப்படவில்லை. மிகச் சிறந்த வேலை என்று பாராட்டினார். ஏடு 1908இல் நூலாகவே வந்தது. எழுதியவருக்கு வயது இருபது.

நான் இந்தக் கதையில் அதிகம் மதிப்பது ஹாக்கைத்தான். தன் நம்பிக்கைக்கு எதிராக எழுதிய மாணவனின் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, வாதம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்த ஒரு வாத்தியார் இல்லாவிட்டால், ஒப்பியல் என்ற படிப்புக்கே நம் பக்கத்தில் தொடக்கம் இருந்திருக்காது. காயம் எத்தனையோ பேருக்குப் படுகிறது. அதை ஆய்வாக மாற்ற எதிர்ப்பக்கத்திலும் ஒரு நேர்மையான ஆள் வேண்டும்.

அதற்குச் சில ஆண்டுகள் கழித்து எங்கள் ஊரில் இன்னொரு பதிலும் பிறந்தது. ஆங்கிலப் புத்தாண்டு அன்று வெள்ளைக்கார துரைகளைப் போய்ப் பார்த்து, மாலையும் எலுமிச்சையும் கொடுத்து வணங்கி வருவது அன்றைய உத்தியோகஸ்தர் வழக்கம். வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள், அந்த நாளில் துரைக்குப் பதில் தணிகை துரையான முருகனைப் பாருங்கள் என்று சொல்லி, டிசம்பர் 31 இரவு மலையின் 365 படிகளுக்கும் பூசை செய்து திருப்புகழ் பாடி ஏறும் திருப்படித் திருவிழாவைத் தொடங்கிவைத்தார். வருடத்தின் நாளுக்கு ஒரு படி. இன்றைக்கும் அந்த இரவு மலையில் கால் வைக்க இடம் இருக்காது. மேற்கத்திய நாள்காட்டியை அவர் தள்ளவில்லை. அதன் மேலேயே முருகனை ஏற்றி வைத்தார். ராதாகிருஷ்ணன் ஆங்கிலத் தத்துவச் சொற்களை வைத்துச் செய்ததும் கிட்டத்தட்ட இதே காரியம்தான்.

1909இல் மாநிலக் கல்லூரி, 1918இல் மைசூர், 1921இல் கல்கத்தா என்று அவர் போனது தெரிந்த கதை. இரண்டு தொகுதி இந்தியத் தத்துவ நூல் 1923லும் 1927லும் லண்டனில் வெளிவந்ததும் தெரிந்ததே. ஆனால் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்ததைச் சற்று நின்று சொல்ல வேண்டும். 1926இல் அங்கே மான்செஸ்டர் கல்லூரியில் அப்டன் சொற்பொழிவுகள் ஆற்றினார். 1929இல் அதே கல்லூரியில் ஒப்பியல் சமயம் கற்பிக்க அழைக்கப்பட்டார். ஹென்றி நார்மன் ஸ்பால்டிங் என்ற செல்வந்தர் அவர் பேச்சால் ஈர்க்கப்பட்டார். அவரும் அவர் மனைவியும் கொடுத்த கொடையில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் ‘கீழைச் சமயங்களும் அறவியலும்’ என்ற பேராசிரியர் இருக்கையை உண்டாக்கியது. 1936இல் அதில் முதலில் அமர்ந்தவர் ராதாகிருஷ்ணன். 1952 வரை அந்த இருக்கை அவருடையதாக இருந்தது.

இருக்கையின் பெயரை ஒருமுறை திரும்பப் பாருங்கள்: சமயங்களும் அறவியலும். கீழ்த்திசையில் அறவியல் இல்லை என்று கேட்டு வளர்ந்தவர், 1908இல் அதற்கு மறுப்பு எழுதியவர், இருபத்தெட்டு வருடம் கழித்து அந்த அறவியலையே கற்பிக்க ஆக்ஸ்ஃபோர்டில் உட்கார்ந்தார். கிழக்கைப் பற்றி அங்கே முன்பும் பாடம் நடந்தது உண்மை. சமஸ்கிருதத்துக்கு 1832 முதல் போடன் இருக்கை இருந்தது. ஆனால் அந்தக் கொடையைக் கொடுத்த கர்னல் போடனின் நோக்கம் இந்தியர்களைக் கிறித்தவத்துக்குக் கொண்டுவர மொழி உதவும் என்பது. ஸ்பால்டிங் இருக்கையில்தான் கிழக்கு மேற்குக்குச் சமமாக நின்று வாதாடும் கட்சிக்காரராக வந்தது.

வாதமும் ஓய்ந்துவிடவில்லை. ஆல்பர்ட் ஷ்வைட்சர் இந்தியச் சிந்தனை பற்றி எழுதிய நூலில், இந்தியா உலகத்தையும் வாழ்வையும் மறுக்கிறது, ஐரோப்பா ஏற்கிறது என்று எழுதினார். அதே பழைய குற்றச்சாட்டு, ஆள்தான் வேறு. 1939இல் வந்த ‘கீழைச் சமயங்களும் மேலைச் சிந்தனையும்’ நூலில் ராதாகிருஷ்ணன் அவருக்கு விரிவாகப் பதில் சொன்னார்.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். கிழக்கு என்றால் யார்? இந்தியா மட்டுமா? சீனா எங்கே?

சீனாவில் அதே கேள்வியை முன்பே ஒருவர் எடுத்துவிட்டார். லியாங் ஷூமிங், 1893இல் பிறந்தவர். பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது. அவர் எழுதிய ஒரு பௌத்தக் கட்டுரையைப் படித்த பெய்ஜிங் பல்கலைக்கழகத் தலைவர் ட்சாய் யுவான்பெய், 1917இல் அவரை இந்தியத் தத்துவம் கற்பிக்கவே நியமித்தார். அங்கே ஆற்றிய சொற்பொழிவுகள் வளர்ந்து 1921இல் ‘கிழக்கு மேற்குப் பண்பாடுகளும் அவற்றின் தத்துவங்களும்’ என்ற நூலாயின. எனக்கு அந்தத் தாளில் கிடைத்த பெரிய அதிர்ச்சி இந்த நூல்தான். லியாங் உலகத்தை இரண்டாகப் பிரிக்கவில்லை, மூன்றாகப் பிரித்தார். தடை வந்தால் மேற்கு முட்டி மோதி முன்னே போகும். சீனா தன்னைச் சரிசெய்துகொண்டு ஒத்துப்போகும். இந்தியா ஆசையையே விட்டுத் திரும்பிவிடும். சரி, இன்றைய சீனா என்ன செய்ய வேண்டும்? இந்தியப் போக்கை முழுதாக விலக்க வேண்டும், மேற்கத்தியப் போக்கை அடிப்படையில் திருத்தி ஏற்க வேண்டும், சீனப் போக்கைப் புதுப்பித்து எடுக்க வேண்டும் என்றார். இதைச் சொன்னவர் இந்தியாவின் பகைவர் அல்ல, மனத்தால் பௌத்தர். வெகு தூர எதிர்காலத்தில் உலகம் இந்திய வழிக்கு வரும் என்றும் அதே நூலில் எழுதினார்.

வகுப்பில் இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. ஹாக்கின் வகுப்பில் இருந்த அந்தப் பையனுக்கு வந்த கோபம் இதே வகைதான் என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் கோபத்துக்குப் பின் யோசித்தால் ஒன்று தெளிவாகிறது. லியாங் பார்த்த இந்தியா, சீனத்தில் பெயர்க்கப்பட்ட பௌத்தச் சாத்திரங்களின் இந்தியா. பேரம் பேசி, வழக்குப் போட்டு, ஏரி வெட்டி, தறி நெய்து, அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும் இந்தியாவை அவர் பார்த்ததே இல்லை. மாக்ஸ் வெபரும் அப்படித்தான். முதலாளித்துவம் ஏன் மேற்கில் மட்டும் முளைத்தது என்ற கேள்விக்கு விடை தேடி, 1915 முதல் சீனச் சமயத்தையும் இந்தியச் சமயத்தையும் பற்றி வரிசையாக எழுதினார். இரண்டு நாட்டுக்கும் ஒருமுறைகூடப் போனதில்லை.

ராதாகிருஷ்ணன் சீனாவுக்குப் போனார். 1944 மே. பர்மா சாலை 1942லேயே ஜப்பானியர் கையில் விழுந்திருந்ததால், இந்தியாவிலிருந்து சீனாவுக்கு வான்வழிதான் மிச்சம். தலைநகர் நான்ஜிங்கும் பறிபோய், அரசு சோங்சிங்கில் இருந்தது. சீன அரசின் அழைப்பில் போய், கன்பூசியம், தாவோ நெறி, சீன பௌத்தம், சீனக் கல்வி இலட்சியங்கள் என்று பேசினார். அந்த உரைகள் அதே வருடம் ‘இந்தியாவும் சீனாவும்’ என்ற நூலாக வந்தன. போர் நடக்கும் நாட்டுக்குப் போய் கன்பூசியஸைப் பற்றிப் பேச ஒரு துணிச்சல் வேண்டும், அதைப் போற்றுகிறேன். ஆனாலும் நூலின் சீனா ஞானிகளின் சீனா. லியாங் நமக்குச் செய்ததை அவர் சீனர்களுக்குச் செய்தார்: நூல்களிலிருந்து ஒரு நாட்டைக் கட்டினார். கூடவே, சீனாவையும் இந்தியாவையும் ஒரே ‘கிழக்கு’ என்ற கூரையின் கீழ் கொண்டுவந்தார். போர்க்காலத்தில், அடிமை நாட்டிலிருந்து போன ஒருவருக்கு அந்தக் கூரை தேவைப்பட்டது புரிகிறது. இன்றைய மாணவனுக்கு அது போதாது.

போதுமான ஒருவர் சீனர்களிலேயே இருந்தார். ஆனால் ராதாகிருஷ்ணன் போன அந்தப் பருவத்தில் அவர் ஓராண்டுப் பயணமாக அமெரிக்காவில் இருந்தார். ஃபெய் சியாவ்தொங். 1910இல் ஜியாங்சு மாகாணத்தில் பிறந்தவர். லண்டனில் மாலினோவ்ஸ்கியிடம் மானுடவியல் படித்து, தன் சொந்த வட்டாரத்துக் கிராமத்தைப் பற்றி எழுதி, அது 1939இல் ‘சீனக் குடியானவர் வாழ்க்கை’ என்ற நூலாயிற்று. குன்மிங்கில் கிராமச் சமூகவியல் பாடம் நடத்தினார். அந்த வகுப்புக் குறிப்புகளே பத்திரிகைக் கட்டுரைகளாகி, 1948இல் நூலாயின. சீன சமூகம் எப்படி, மேற்கத்திய சமூகம் எப்படி என்று ஒரு மாணவர் இன்று எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தாலும் அந்தச் சின்ன நூல் கட்டாயம் கைக்கு வரும்.

ஃபெய் சொன்னது இது. மேற்கத்தியர் வைக்கோலைக் கட்டுக்கட்டாகக் கட்டுவதுபோல் சேருகிறார்கள். எந்த வைக்கோல் எந்தக் கட்டில் என்பதில் குழப்பம் இல்லை, உள்ளே இருப்பவருக்கு உரிமை ஒன்றுதான். சீனரின் சமூகம் குளத்தில் கல்லெறிந்தால் விரியும் வளையம். கல் விழுந்த இடத்தில் நான், அடுத்த வளையத்தில் என் குடும்பம், அடுத்ததில் பங்காளி, அப்புறம் ஊர். வளையம் எவ்வளவு தூரம் போகும் என்பது கல் எறிந்தவரின் செல்வாக்கைப் பொறுத்தது. உறவுக்குத் தக்கபடி நியாயமும் மாறும்.

இதைப் படித்தபோது என் மனம் சீனாவுக்குப் போகவில்லை, எங்கள் வீட்டு மொய் நோட்டுக்குப் போனது. அக்கா கல்யாணத்து நோட்டு. கோடு போட்ட நீள நோட்டு, முதல் பக்கத்தில் மஞ்சள் தடவிய பிள்ளையார் சுழி. ஊர்ப் பெயர், ஆள் பெயர், தொகை. ஊர் வாரியாகத்தான் எழுதியிருக்கும்: திருத்தணி, அரக்கோணம், சோளிங்கர், நகரி, புத்தூர். தாய்மாமன் பெயர் முதலில். சிலர் பெயருக்கு எதிரே பழைய பாக்கிக்கு ஒரு குறி. வேறொரு வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பும்போது அம்மா அதை எடுத்துப் புரட்டுவாள். “அவங்க நமக்கு ஐநூறு வெச்சாங்கடா, நாம அதே ஐநூற வெச்சா நல்லாருக்காது. மேல நூறாவது போட்டு வெக்கணும்.”

ஏன் நல்லாருக்காது? வாங்கிய கணக்கைச் சரியாகத் தீர்த்துவிட்டால் உறவும் தீர்ந்தது என்று ஆகிவிடும். கொஞ்சம் கூட வைத்தால் அவர்கள் திரும்ப வைக்க வேண்டும், போக்குவரத்து நிற்காது. சீனக் கிராமத்தில் நெருங்கியவர்கள் ஒருவருக்கொருவர் கடன்பட்டே இருப்பார்கள், கணக்கை முடிப்பது உறவை முறிப்பதற்குச் சமம் என்று ஃபெய் எழுதியதைப் படித்தேன். பக்கத்து வீட்டுக்காரரே ஆனாலும் வியாபாரம் என்றால் இருவரும் தூரத்துச் சந்தைக்கு நடந்துபோய், அங்கே அந்நியர்போல் விற்று வாங்குவார்கள் என்றும் எழுதியிருக்கிறார். அம்மாவுக்கு ஃபெய்யைத் தெரியாது. ஃபெய்க்குத் திருத்தணியைத் தெரியாது. லியாங்கின் கணக்குப்படி இந்தியா ஆசையைத் துறந்து பின்வாங்கும் நாடு. மொய் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதை ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை.

ஒப்பீட்டில் நான் கற்றது இதைத்தான். நூல்களை நூல்களோடு ஒப்பிட்டால் இந்தியா, சீனா, மேற்கு என்று மூன்று சிலைகள் கிடைக்கும். நோட்டுகளை நோட்டுகளோடு ஒப்பிட்டால் மனிதர்கள் கிடைப்பார்கள். அங்கேயே நிஜமான வித்தியாசங்களும் தெரியும். ஃபெய்யின் வளையம் எங்கள் ஊருக்கு எவ்வளவு பொருந்துகிறதோ அந்த அளவுக்கு ஓரிடத்தில் இடறுகிறது: சாதி. குளத்து வளையம் மெல்ல மெல்லத்தான் தேயும். நம் ஊர் வளையம் ஓரிடத்தில் சுவராக நின்றுவிடும். மொய் நோட்டில் எந்தத் தெருவின் பெயர்கள் இல்லை என்று பார்த்தாலே போதும். அந்தச் சுவரை ராதாகிருஷ்ணனின் நூல்களைக் கொண்டு மட்டும் பார்த்தால் அதன் உயரம் தெரியாது. அவர் சாதியை ஆதி நோக்கத்தில் வைத்து விளக்கினார். அது நடக்கும் தெருவில் வைத்து அளக்கவில்லை. பிறர் சொன்ன குற்றத்துக்குப் பதில் சொல்லவே தொடங்கிய ஒப்பியலுக்கு இந்தக் குறை இருக்கும்: எதிராளி முன் நம் வீட்டு அழுக்கைக் காட்ட மனம் வராது.

சொந்த வீட்டைக் குறை சொன்னவர்களுக்குச் சீனாவில் என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். லியாங் 1953 செப்டம்பரில் குடியானவர்களின் கஷ்டத்தை எடுத்துச் சொல்லி மாவோவோடு நேருக்கு நேர் மோதினார். மாவோவிடமே வசை வாங்கினார். சீனப் பல்கலைக்கழகங்களில் சமூகவியல் துறையே 1952இல் மூடப்பட்டது. 1957 கோடையில் ஃபெய் ‘வலதுசாரி’ என்று முத்திரை குத்தப்பட்டார். அதே 1957 செப்டம்பரில் இந்தியக் குடியரசுத் துணைத் தலைவராக ராதாகிருஷ்ணன் பெய்ஜிங் போனார். வரவேற்க வந்த மாவோவின் கன்னத்தில் அவர் செல்லமாகத் தட்டியதாகவும், மாவோ திகைத்துப்போனதாகவும், அப்போது அங்கே தூதரகத்தில் பணியாற்றிய நட்வர் சிங் பின்னாளில் எழுதியிருக்கிறார். நம் ஊர்க்காரர் கை மாவோவின் கன்னத்தைத் தொட்ட அந்த வாரங்களில், சீனாவை மேற்கோடு ஒப்பிட்டு மிக நன்றாக விளக்கிய மனிதர் வாய் அடைக்கப்பட்டுக் கிடந்தார். ஐந்து வருடத்தில் இரு நாட்டுக்கும் போர். 1962 அக்டோபர் 26 அன்று நெருக்கடி நிலையைப் பிரகடனம் செய்து கையெழுத்திட்டவர், குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன். அரசு ஏமாளித்தனமாகவும் கவனக்குறைவாகவும் இருந்துவிட்டது என்று அவரே வெளிப்படையாகக் கண்டித்தார்.

ஃபெய் பிழைத்தார். 1979இல் சமூகவியல் திரும்ப வந்தபோது அதைக் கட்டியெழுப்பும் பொறுப்பு அவரிடமே வந்தது. 2005 வரை இருந்தார்.

இதுவரை சொன்ன கதை முழுதும் ஆங்கிலத்திலும் சீனத்திலும் நடந்தது. தமிழில் நடந்த ஒன்றும் இருக்கிறது. அதை எந்தப் பாடத்திட்டமும் எனக்குச் சொல்லவில்லை. ராதாகிருஷ்ணன் பிறந்த அதே வட ஆர்க்காடு மாவட்டத்தில், செய்யாற்றுப் பக்கம் வெங்களத்தூரில், அவருக்கு ஏழு வருடம் கழித்து 1895இல் பிறந்தவர் வெ. சாமிநாத சர்மா. ஆக்ஸ்ஃபோர்டு இல்லை, இருக்கை இல்லை, ஸ்பால்டிங்கும் இல்லை. பத்திரிகைக்காரர். ரங்கூனில் ‘ஜோதி’ என்ற மாத இதழை நடத்தினார். 1942இல் ஜப்பான் குண்டு போட்டபோது மனைவியோடு பர்மாவிலிருந்து இந்தியாவுக்கு நடந்து வந்தவர். அவர் ‘சீனாவின் வரலாறு’ எழுதினார். ‘கிரீஸ் வாழ்ந்த வரலாறு’ம் எழுதினார். சன்யாட்சென்னையும் கார்ல் மார்க்சையும் தமிழில் எழுதினார், பிளேட்டோவையும் ரூசோவையும் தமிழில் கொண்டுவந்தார். ஆங்கிலம் தெரியாத ஒரு தமிழ் வாசகர், சீனாவையும் மேற்கையும் ஒரே கையெழுத்தில் அடுத்தடுத்துப் படிக்க முடிந்தது அவரால்தான். நான் முதுகலைக்காகப் படித்த தாளை, அவர் ஒற்றை ஆளாகப் புத்தகக் கடைகளில் நடத்தியிருக்கிறார்.

அவருக்குப் பிறகு அந்த வேலை அறுந்துவிடவும் இல்லை. 1963 முதல் சீன வானொலி தமிழில் பேசியது. நம் சிற்றூர்களில் அதைக் கேட்டுக் கடிதம் எழுதிய நேயர் மன்றங்கள் இருந்தன. சீனத்தின் மிகப் பழைய பாடல் தொகையான ‘கவித்தொகை’யை ‘பயணி’ என்ற மொழிபெயர்ப்பாளர் நேரடியாகச் சீனத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்தார். தைவான் கவிஞர் யூசி திருக்குறளைச் சீனத்தில் பெயர்த்தார். நமக்கும் சீனாவுக்கும் நடுவில் ஒரு பேச்சு நடக்க முடியும் என்பதற்கு இவை சாட்சி.

ஆகவே என் கோரிக்கையைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டுக் கலைக் கல்லூரிகளில், வரலாறோ சமூகவியலோ தமிழோ எந்தத் துறையிலாவது, சீன சமூகத்தையும் மேற்கத்திய சமூகத்தையும் நம் சமூகத்தையும் சேர்த்துப் படிக்கும் ஒரு பருவத் தாள் தமிழில் வேண்டும். திருத்தணியில் தொடங்கினால் எனக்கு மகிழ்ச்சி; எங்கே தொடங்கினாலும் சரி. மாணவர்களை முதல் வாரமே அவரவர் வீட்டு மொய் நோட்டைக் கொண்டுவரச் சொல்லலாம். அதில் இருக்கும் பெயர்களையும் இல்லாத பெயர்களையும் எண்ணிவிட்டு ஃபெய்யைப் படிக்கலாம். லியாங்கைப் படித்துக் கோபப்படலாம். ராதாகிருஷ்ணனைப் படத்திலிருந்து இறக்கி, இருபது வயதில் பேராசிரியருக்கு மறுப்பு எழுதிய மாணவராக வகுப்பில் உட்காரவைக்கலாம். அந்தத் தாளில் ஆசிரியரை மறுத்து எழுதுகிற மாணவருக்கு, வாதம் சரியாக இருந்தால், முழு மதிப்பெண் போட வேண்டும். பாடத்திட்டக் குழுக்களில் இருக்கும் ஆசிரியர்களை இதற்காகக் கேட்டுக்கொள்கிறேன். பாடநூல் இல்லை என்று தயங்க வேண்டாம். சாமிநாத சர்மாவின் நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம்.